ஆர்மேச்சரைச் சுற்றக் கொடுக்கும் முன் அந்த அடாப்டரைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் உங்கள் தாத்தா பெரிய துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தார். துரை ஊருக்குக் கப்பலேறும்போது தன் பிள்ளை விளையாடிய மின்சார ரயிலைப் பெட்டியோடு தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அறுபது வருஷத்துக்கு மேல் அலமாரி உச்சியில் கிடந்ததை நீங்கள் இறக்கி, வீட்டில் கிடந்த ஒரு 12 வோல்ட் அடாப்டரின் கம்பியைத் தண்டவாளத்தில் கொடுத்தீர்கள். எஞ்சின் நகரவில்லை, 'ம்ம்ம்' என்று முனகியது, கொஞ்ச நேரத்தில் எரிந்த வாடை வந்தது. திறந்து பார்த்தால் உள்கம்பியின் ரப்பர் உறை தொட்டதும் பொடியாக உதிர்கிறது. கடைத்தெருவில் ஒருவர் பார்த்துவிட்டு, மோட்டார் போச்சு, உள்ளே இருக்கும் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, புதிதாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது மோட்டார் ஒன்றை உள்ளே வைத்துவிடலாம், எப்படிப் பார்த்தாலும் நூற்றைம்பது வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார். என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் சுற்ற வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படங்களில் எஞ்சினைவிட எனக்கு உதவியது அந்த அடாப்டரின் படம்தான். தீபாவளிக்கு வாசலில் போட்ட சர விளக்கின் அடாப்டர் என்று எழுதியிருந்தீர்கள். அதன் முதுகில் 'அவுட்புட் 12 வோல்ட்' என்பதற்குப் பக்கத்தில் என்ன குறி இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு நேர்கோடும் அதன் கீழே சின்னக் கோடுகளும் இருந்தால் அது டிசி, கரன்ட் ஒரே திசையில் ஓடும். உங்களுடையதில் இருப்பது பாம்பு நெளிவது போல ஒரு கோடு, அதாவது ஏசி, கரன்ட் திசை மாறி மாறி ஓடும். 12 வோல்ட் என்பது சரிதான், ஆனால் உங்கள் எஞ்சினுக்கு வேண்டியது 12 வோல்ட் டிசி. உள்ளே இருப்பது நிரந்தரக் காந்தம். ஏசி கொடுத்தால் ஆர்மேச்சரை, அதாவது காயில் சுற்றிய சுழலும் பாகத்தை, ஒரு விநாடிக்கு 50 தடவை இந்தப் பக்கமும் 50 தடவை அந்தப் பக்கமும் தள்ளும், அது எந்தப் பக்கமும் போக முடியாமல் அதே இடத்தில் அதிரும். அந்த முனகல் அதுதான். சுத்தமான டிசியில் மோட்டார் சிக்கிக்கொண்டால் பெரும்பாலும் சத்தமே வராது, சும்மா சூடாகும். முனகியது என்று நீங்கள் எழுதிய ஒரு சொல்லிலேயே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

எரிந்த வாடையும் அப்படித்தான். கணக்குக்கு உங்கள் ஆர்மேச்சர் 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சுழலாமல் நிற்கிற மோட்டாரில் 12 வோல்ட் கொடுத்தால் ஒன்றரை ஆம்பியர் ஓடும், அது 18 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயனின் சூடு அது, கட்டை விரல் அளவு மோட்டாருக்குள். அறுபது வருஷத்துப் பழைய எண்ணெய் அதில் வெந்தால் வாடை வராமல் என்ன செய்யும். காயில் வார்னிஷ் எரிந்த வாடை வேறு, தம்பி. கூர்மையாக மூக்கில் ஏறும், மறுநாள் வரை அறையில் நிற்கும். பம்ப் மோட்டாரும் மின்விசிறியும் சுற்றியே முப்பது வருஷம் ஓட்டியவன் நான், அந்த வாடை என் சட்டையிலேயே இருக்கும் என்று என் மனைவி சொல்வார்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். மூன்று தண்டவாளம் என்றால் ஏசிதான் என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் லயனல், ஜெர்மனியின் மார்க்லின் ஆகியவற்றுக்கு அது பொருந்தும், அவற்றின் பழைய எஞ்சின்களில் காந்தத்துக்குப் பதிலாக அங்கேயும் ஒரு காயில் இருக்கும், அதனால் ஏசியில் ஓடும். உங்களுடையது ஹார்ன்பி டப்ளோ. லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி 1938இல் கொண்டுவந்தது, மாதிரி ரயில்களில் ஓஓ என்ற அளவு, அதாவது டபுள் ஓ, அந்தப் பெயரைத்தான் டப்ளோ என்று ஆக்கினார்கள். தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நடுத் தண்டவாளத்தில் கரன்ட் போகும், வெளித் தண்டவாளங்கள் இரண்டும் திரும்பி வரும் பாதை. மூன்று தண்டவாளம் ஆனாலும் 12 வோல்ட் டிசிதான், இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிக் கொடுத்தால் எஞ்சின் பின்னோக்கிப் போகும். உங்கள் கறுப்பு டாங்கி எஞ்சினில் 69567 என்ற எண்ணும் சிங்கச் சின்னமும் தெரிகின்றன. பிரிட்டிஷ் ரயில்வேஸ் உருவானது 1948இல், ஆக இது அதற்கு அப்புறம் வந்த சரக்கு. தாத்தா சொன்ன கதையும் பொருந்துகிறது. துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்ற காலம் அது. உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

மேல்கூட்டைக் கழற்றுங்கள், பெயின்ட் மேல் தின்னர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் எண்ணும் சிங்கமும் துணியோடு வந்துவிடும். கூட்டைக் கழற்றியதும் மோட்டாரை மட்டும் பாருங்கள், சக்கரத்தில் கை வைக்காதீர்கள். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கும் மறு பக்கத்துச் சக்கரத்துக்கும் இணைப்புத் தண்டுகளின் ஊசி கால் வட்டம் தள்ளி இருக்கும். கழற்றி மாட்டுகிறவர்கள் அந்தக் கால் வட்டத்தைத் தவற விட்டுவிட்டு எஞ்சின் நொண்டுகிறது என்று வருவார்கள். அதே மாதிரி, சக்கரத்தைக் கையால் உருட்டிப் பார்த்து மோட்டார் இறுகிவிட்டது என்று சொல்லவும் கூடாது. உள்ளே திருகுப் பல் இருக்கிறது, மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரத்தால் மோட்டாரைச் சுழற்ற முடியாது, அது அப்படித்தான் செய்யப்பட்டது. ஒரு தீக்குச்சியால் ஆர்மேச்சரையே மெதுவாகத் தள்ளிப் பாருங்கள்.

நகரவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பழைய எண்ணெய்தான் காரணம். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அது பச்சைப் பசை போல இறுகியிருக்கும். சிலர் நல்ல மனசோடு தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள், அது இன்னும் மோசம். லைட்டரில் ஊற்றுகிற பெட்ரோல் அல்லது ஐசோபுரப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு அச்சுத் தாங்கிகளில் விட்டு ஊற விடுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் சாம்பிராணி விளக்கு எதுவும் இல்லாமல். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தள்ளுங்கள். விடுபட்டதும் தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு, ஆர்மேச்சருக்குள் கரன்டை வாங்கும் செம்பு முனையான கம்யூடேட்டருக்குத்தான் போய்ச் சேரும், அங்கே எண்ணெய் போனால் கார்பன் தூளோடு கலந்து கறுப்புச் சேறு ஆகும். டப்பாவில் வரும் துரு நீக்கி ஸ்பிரேயை மோட்டாருக்குள் அடிக்கவே வேண்டாம்.

அப்புறம் பிரஷ், கம்யூடேட்டரில் உரசிக் கரன்ட் கொடுப்பது. பின்பக்கம் இரண்டு குழல்களில் ஸ்பிரிங்கோடு இரண்டு கார்பன் துண்டுகள் இருக்கும், ஒன்று எஞ்சின் உடம்போடு சேர்ந்தது, மற்றது உடம்பில் படாமல் காப்பிட்டது. அந்தக் காப்பிட்ட பிரஷுக்குத்தான் கீழே இருக்கிற கரன்ட் வாங்கும் தகட்டிலிருந்து ஒரே ஒரு கம்பி போகும். நீங்கள் 'வயரிங் முழுக்கப் போச்சு' என்று பயந்தது இந்த ஒரு சாண் கம்பிக்காக! ஸ்பிரிங்கை வெளியே எடுக்கும்போது மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொண்டு எடுங்கள். பறந்துபோனால் தரையில் தேடி முடியாது, என் கடையில் அப்படிப் பறந்த ஒன்று நாலு மாதம் கழித்து மின்விசிறிக் கூண்டுக்குள் கிடைத்தது. பிரஷ் முனை கம்யூடேட்டரின் வளைவுக்கு ஏற்றபடி பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் நல்லது. எந்தப் பிரஷ் எந்தப் பக்கம், எந்த முகமாக இருந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு அப்படியே திருப்பி மாட்டுங்கள். குட்டையாகப் போயிருந்தால் புதுசு வாங்கலாம், இங்கிலாந்தில் டப்ளோ உதிரிப் பாகம் விற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கம்யூடேட்டர் என்பது மூன்று செம்புத் துண்டுகள், நடுவில் முடி அளவு பள்ளம். துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், பள்ளத்தை மூங்கில் பல்குச்சியால் கிளறுங்கள். அந்தப் பள்ளத்தில் கார்பன் தூள் நிறைந்து மூன்று துண்டும் ஒன்றாகிவிடுவதுதான் 'மோட்டார் போச்சு' என்று கொண்டுவரும் பாதிப் பேருடைய நோய். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணல் செம்பில் பதிந்து உட்கார்ந்து புதுப் பிரஷை அரைத்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு, பிரஷ் இரண்டையும் வெளியே வைத்துவிட்டு, மல்டிமீட்டரை எடுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3 ஓம் மாதிரி ஏதாவது காட்டும், அதைக் கடைசியில் கழித்துவிடுங்கள். கம்யூடேட்டரின் ஒன்றாம் இரண்டாம் துண்டுகளுக்கு நடுவில் ஒரு அளவு, இரண்டு மூன்று, மூன்று ஒன்று என்று மொத்தம் மூன்று அளவுகள். மூன்றும் ஒன்றாக இருந்தால் ஆர்மேச்சர் நலம், யாருக்கும் நூற்றைம்பது வெள்ளி கொடுக்க வேண்டாம். ஒன்றாக இல்லை என்றால் அந்த எண்களே கதை சொல்லும். மூன்று காயிலும் முக்கோணமாகக் கோத்திருப்பதால் ஒன்றை அளக்கும்போது மற்ற இரண்டும் பக்கத்துப் பாதையாகச் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு காயிலும் 12 ஓம் என்றால் நல்ல ஆர்மேச்சர் 8, 8, 8 என்று காட்டும். ஒரு காயில் அறுந்திருந்தால் 24, 12, 12. ஒரு காயில் முழுதாக ஷார்ட் ஆகியிருந்தால் 0, 6, 6. நடுவில் கொஞ்சம் சுற்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் இவற்றுக்கு இடையில் எதையாவது காட்டும், ஆனால் மூன்றும் சமமாக இருக்காது. கடைசியாக ஒரு ஊசியை அச்சிலும் மற்றதைச் செம்புத் துண்டிலும் வையுங்கள், அங்கே எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் காயில் இரும்பைத் தொடுகிறது.

24, 12, 12 வந்தாலும் உடனே மனம் உடைய வேண்டாம். அறுந்தது பெரும்பாலும் கம்யூடேட்டர் காதில் பற்றவைத்த இடத்தில்தான் இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நுனி தொங்குவது தெரியும், சுரண்டி ஈயம் வைத்தால் முடிந்தது. ஈயம் ஒட்டத் தடவும் பிளக்ஸ் ரோசின் வகை மட்டும், தகரக்காரர் வைத்திருக்கும் ஆசிட் பிளக்ஸ் மெல்லிய கம்பியை ஆறு மாதத்தில் தின்றுவிடும்.

உண்மையாகவே சுற்றத்தான் வேண்டும் என்றால், பம்ப் மோட்டார் சுற்றுகிற கடையில் கொடுக்கும் முன் யோசியுங்கள். நாங்கள் பழைய காயிலை நெருப்புக் காட்டி எரித்து உருவுவோம், வேகம் அதில்தான். இந்தக் குட்டி ஆர்மேச்சருக்கு அப்படிச் செய்தால் கம்யூடேட்டரைத் தாங்கும் காப்புத்துண்டு கருகி, செம்புத் துண்டுகள் ஆடத் தொடங்கும், பிறகு எவ்வளவு அழகாகச் சுற்றினாலும் பயனில்லை. கையால் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, எண்ணிக்கையைத் தாளில் கோடு போட்டு எழுத வேண்டும். கம்பியின் தடிமனை மைக்ரோமீட்டரில் பார்க்கும்போது வார்னிஷைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு நம்பர் தடித்த கம்பியை வாங்கிவிடுவீர்கள். பழைய ஆங்கிலேயக் கணக்கில் 36ஆம் நம்பர் 0.193 மில்லிமீட்டர், 38 என்றால் 0.152, 40 என்றால் 0.122, நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். தடித்த கம்பி இடத்தில் கொள்ளாது, சுற்று குறையும், மோட்டார் வேகமாக ஓடிச் சூடாகும். மூன்று துருவத்திலும் ஒரே எண்ணிக்கை, ஒரே திசை, ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே செம்புத் துண்டில். துருவத்தின் விளிம்பு கம்பியைக் கீறாமல் இருக்க அடியில் மெல்லிய காப்புத்தாள் வையுங்கள். முடிந்ததும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒரு தடவை பூசி இரண்டு நாள் காய விடுங்கள். இப்போது வருகிற கம்பியில் சிலவற்றின் பூச்சு ஈயச் சூட்டிலேயே கரைந்துவிடும், பழைய கம்பி என்றால் சுரண்டியே ஆக வேண்டும்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதல்முதலாக என் கைக்கு வந்த டப்ளோ போருக்கு முந்திய எஞ்சின், குதிரை லாடம் போன்ற காந்தம். பெரிய மோட்டார்க்காரன் என்ற தைரியத்தில் ஆர்மேச்சரை உருவி மேசையில் வைத்துவிட்டு, காந்தத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் மாட்டினால் எஞ்சின் முன்னைவிட வேகமாக ஓடியது! ஆகா என்று சந்தோஷப்பட்டு இரண்டு பெட்டியைக் கோத்தேன், இழுக்கவே இல்லை, கொஞ்ச நேரத்தில் தொட முடியாத சூடு. காந்தம் வலுவிழந்தால் இப்படித்தான் ஆகும். ஓடுகிற மோட்டார் தானே எதிர்த்து உண்டாக்கும் வோல்ட்தான் உள்ளே வரும் கரன்டை அடக்கி வைக்கிறது, காந்தம் தளர்ந்தால் அந்த எதிர்ப்பு குறைந்து, சும்மா ஓடும்போது வேகம் கூடும், கரன்ட் கூடும், இழுவை மட்டும் போய்விடும். அந்தப் பழைய காந்தங்களுக்கு இரண்டு துருவத்துக்கும் நடுவில் எப்போதும் இரும்பு இருக்க வேண்டும். ஆர்மேச்சர்தான் அந்த இரும்பு. அதை எடுத்த கையோடு ஒரு தடித்த இரும்புத் துண்டைத் துருவங்களுக்குக் குறுக்கே வைத்துவிட வேண்டும். எஞ்சின் என்னுடையது என்பதால் திட்டு வாங்கவில்லை, ஆனால் மறுபடி காந்தமேற்றித் தருகிற ஆள் கிடைக்க ஒன்றரை வருஷம் ஆனது. உங்களுடையதில் கட்டியான அல்நிக்கோ காந்தம், இவ்வளவு சீக்கிரம் சோர்வடையாது, இருந்தாலும் அதே மரியாதையைக் கொடுங்கள். 8, 8, 8 போலச் சமமாக வந்துவிட்டால் ஆர்மேச்சரை வெளியே எடுக்கவே தேவையில்லை.

போருக்கு முந்திய வார்ப்புகளில் இன்னொரு நோயும் உண்டு. துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோய், வருஷங்கள் ஆக ஆக வார்ப்பு வீங்கி வெடிக்கும், ஈரம் அதை வேகப்படுத்தும். உங்கள் எஞ்சின் அதற்குப் பிந்தியது. ஆனாலும் அடிச்சட்டத்தில் மெல்லிய வெடிப்பு ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள், வீங்கிய சட்டம் அச்சைக் கவ்விக்கொண்டால் மோட்டாரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

அந்த ஒரு சாண் கம்பிக்கு சிலிக்கான் உறை போட்ட மெல்லிய கம்பி வாங்குங்கள், வளைந்து கொடுக்கும், நம் வெக்கையில் ரப்பர் மாதிரி உதிராது. பழைய கம்பியின் பாதையிலேயே கொண்டுபோங்கள், திருகுப் பல்லில் உரசக் கூடாது. ரேடியோ இரைச்சலை அடக்க வைத்த கண்டன்சர் ஒன்று பிரஷ் பக்கத்தில் இருந்தால், சோதனை முடியும் வரை அதன் ஒரு காலை விடுவித்து வையுங்கள். அவ்வளவு வயசான கண்டன்சர் கரன்டை ஒழுகவிட்டால் மோட்டார்மேல் பழி வரும்.

ஓட்டிப் பார்க்க 12 வோல்ட் டிசி அடாப்டர் வாங்குங்கள், குறியைப் பார்த்து! பெட்டியில் இருக்கும் துரை காலத்துக் கன்ட்ரோலரை பிளக்கில் சொருகாதீர்கள். துணி சுற்றிய கம்பி, உள்ளே ஏசியை டிசி ஆக்கும் பழைய செலினியம் ரெக்டிஃபையர், அது எரிந்தால் வருகிற புகை அழுகின முள்ளங்கி நாற்றம் மட்டும் இல்லை, விஷமும்கூட. அதை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். அடாப்டருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் மோட்டார்சைக்கிள் சிக்னல் விளக்கு ஒன்றை, 12 வோல்ட் 10 வாட், தொடராகக் கோத்துவிடுங்கள். எஞ்சின் எங்கேயாவது சிக்கினாலோ ஷார்ட் ஆனாலோ விளக்கு எரியும், கரன்ட் ஒரு ஆம்பியரைத் தாண்டாது, ஆர்மேச்சர் பிழைக்கும். நம் ஊரில் மோட்டார் என்றாலே மோட்டார்சைக்கிள்தான், பட்டறைப் பையனிடம் பழைய பல்பு கேட்டால் சும்மாவே கொடுப்பான்.

எஞ்சினைத் தலைகீழாக ஒரு பஞ்சு மேல் படுக்க வைத்து, கரன்ட் வாங்கும் தகட்டில் ஒரு கம்பியும் சக்கரத்தில் ஒரு கம்பியும் தொடுங்கள். முதலில் கொஞ்சம் தயங்கும், பிரஷ் பக்கம் நீலப் பொறி தெரியும், கால் மணி நேரம் இந்தப் பக்கமும் கால் மணி நேரம் அந்தப் பக்கமும் ஓட விடுங்கள், பொறி அடங்கும். சும்மா ஓடும்போது அரை ஆம்பியரை ஒட்டியோ அதற்குக் கீழோ எடுத்தால், விரல் வைத்துத் தாங்கும் சூட்டோடு இருந்தால், விளக்கைக் கழற்றிவிட்டுத் தண்டவாளத்தில் வைக்கலாம். தண்டவாளம் அழுக்கேறியோ துருப்பிடித்தோ இருந்தால் மேல்முகத்தை மட்டும் பென்சில் அழிரப்பரால் தேயுங்கள், நடுத் தண்டவாளத்தின் காப்பு எங்காவது கிழிந்திருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

புது மோட்டார் வைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். முடியும். அதற்குச் சட்டத்தை அரத்தால் ராவ வேண்டிவரும், ராவிய சட்டத்தைத் திருப்பி ஒட்ட முடியாது, ஓட்டமும் அந்தப் பழைய இரைச்சல் இல்லாமல் தட்டையாக இருக்கும். எனக்குப் பிடிக்காது, உங்கள் எஞ்சின், உங்கள் விருப்பம். ஆனால் முதலில் அந்த மூன்று அளவையும் எடுத்து எனக்கு எழுதுங்கள், அதோடு அச்சுக்கும் செம்புக்கும் நடுவில் மீட்டர் என்ன காட்டியது என்றும். அந்த நாலு எண்ணும் வரும் வரை கடைத்தெருக்காரரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.